ஹால்தார் திட்டினால் வாங்கு

'தலைமாட்டுப் புத்தகம்' என்கிற நம்முடைய முகநூல் குழுவில் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சங்கதி காதில் போடப்படும். நிர்மால்ய ஹால்தார் ஒரு புத்தகத்தைத் திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர் புகழ்ந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

மனிதர் மேற்கு வங்காளத்துப் பர்தமானில் கல்லூரிப் பேராசிரியர், விலங்கியல். வாரம் தவறாமல் ஒரு விமர்சனம் போடுவார். அதற்குக் கீழே எல்லோரும் "அருமையான பார்வை, நிர்மால்யதா" என்று அண்ணனுக்குப் போடுகிற 'தா'வும் சேர்த்து மரியாதையாக எழுதுவார்கள். எழுதிய கையோடு 'பின்கட்டு'க்கு ஓடுவார்கள். பின்கட்டு என்பது அவர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வைத்துக்கொண்ட வாட்ஸப் குழு. "ஹால்தார் திட்டிட்டார், ஆர்டர் போட்டாச்சு" என்று அங்கே கும்மாளம் நடக்கும். நல்ல மனுஷர்கள்தான், என்ன செய்ய, புத்தகம் படிக்கிறவர்களுக்குக் குறும்பு கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தக் கும்மாளத்தில் முன்வரிசை ஷர்பாணி சமாத்தாருடையது. ஸ்ரீராம்பூரில் கணவன் தீபாஞ்சனோடு மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படிப்பாள், படித்ததைக் குழுவில் போட்டு உடைப்பாள். இப்படிப் பேர் எடுத்தவள், ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு நாவலே எழுதிவிட்டாள். சணல் ஆலை வாசலில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அக்கா தங்கை கதை. 'இரண்டாவது சங்கு' என்று பேர். கல்கத்தா காலேஜ் தெருவில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருக்கும் தாரக்பாபு அச்சிட்டார்.

புத்தகம் வந்தது, குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வாழ்த்தினவர்கள் யாரும் வாங்கவில்லை. பார்க்கலாம், ஹால்தார் என்ன சொல்கிறார் என்று காத்திருந்தார்கள். ஷர்பாணியும்தான் காத்திருந்தாள். அவளுக்குப் புத்தகம் விற்கவும் வேண்டும், நன்றாக இருக்கிறது என்று யாராவது வாயால் சொல்லவும் வேண்டும். ஹால்தார் விஷயத்தில் இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

ஒரு திங்கட்கிழமை காலை விமர்சனம் வந்தது. திட்டு என்றால் அப்படி ஒரு திட்டு. ஒரு பெண் மீன் கழுவுவதைப் பக்கம் பக்கமாக யார் படிப்பது என்று கேட்டிருந்தார். தங்கை பேசுகிற மாதிரி உலகத்தில் எந்தத் தங்கையும் பேசமாட்டாள் என்றார். ஆலைச் சங்கு ஊதும்போதெல்லாம் தனக்குக் கொட்டாவி வந்தது என்று முடித்திருந்தார்.

பின்கட்டில் ஒரே கொண்டாட்டம். குழுவை நடத்தும் ரத்னாபலி, இத்தனை வருஷத்தில் நிர்மால்யதா இவ்வளவு கேவலமாக எதையும் திட்டியதில்லை, நீ எங்கேயோ போகப் போகிறாய் என்று எழுதினாள். மாலைக்குள் எண்ணி மாளாத ஆர்டர்கள். வாரம் முடிவதற்குள் தாரக்பாபு போன் செய்து, இருந்த பிரதிகள் தீர்ந்தன, புத்தகச் சந்தை முடிந்ததும் மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது என்றார்.

ஷர்பாணி கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

தீபாஞ்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் கண் பரிசோதனை அட்டையைத் தவிர வேறெதையும் முழுதாகப் படித்தவனில்லை. "அவர் திட்டினாதான் விக்கும்னு நீதானே சொன்ன? திட்டிட்டார், வித்துடுச்சு. இப்ப எதுக்கு அழற?" என்றான்.

"அந்த மீன் கழுவுறது எங்கம்மா கழுவினது. செதில் ஒண்ணு கூட முற்றத்துல விழாது. அதைப் போய் யார் படிக்கிறதுன்னு கேக்குறானே அந்த ஆளு."

"அந்த ஆளுக்குத்தான் ரசனையே கிடையாதுன்னு ஊரே சொல்லுதே."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மற்றவர்கள் புத்தகத்தை அவர் திட்டியபோது வந்த சிரிப்பு இப்போது வர மறுத்தது. பதில் சொல்லவும் வழியில்லை. தன் புத்தகத்தின் விமர்சனத்துக்குக் கீழே எழுத்தாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. அந்த விதியைப் போடச் சொல்லிக் குதித்ததே ஷர்பாணிதான். போதாக்குறைக்கு, வாங்கிப் படித்தவர்கள் எல்லோரும் "ஹால்தார் திட்டினதுன்னா சும்மாவா" என்றுதான் எழுதினார்களே தவிர, புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விற்றது ஹால்தார் புண்ணியத்தில், தன் எழுத்தினால் இல்லை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

புத்தகச் சந்தையின் கடைசி ஞாயிறு குழுவினர் கூடுவது வழக்கம். மீன் வறுவல் கடைக்குப் பக்கத்து மரத்தடியில் நிற்போம். சட்டையில் ஆளுக்கொரு சீட்டு குத்தியிருக்கும், பேரும், கடைசியாகப் பாதியில் விட்ட புத்தகத்தின் பேரும். அதுவரை ஒருமுறைகூட வராத ஹால்தார் அன்றைக்கு வந்து நின்றார். ஒல்லியான மனிதர், வெயிலிலும் குரங்குக் குல்லா. அவர் சீட்டில் பேர் மட்டும்தான் இருந்தது.

ரத்னாபலி தடுப்பதற்குள் ஷர்பாணி அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள். குழுவில்தான் வாய் திறக்கக் கூடாது, மரத்தடிக்கு விதி கிடையாது என்று ஆரம்பித்தாள். மீன் கழுவுவதில் என்ன குறை, தங்கை பேச்சில் என்ன குறை என்று வரிசையாகக் கேட்டாள்.

ஹால்தார் சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்க வேணாம், டீ சாப்பிடலாம் வாங்க ஷர்பாணிதீ" என்று அக்காவுக்குப் போடுகிற 'தீ' சேர்த்துக் கூப்பிட்டு, தள்ளிக் கூட்டிப்போனார். மண்குவளையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"மீன் கழுவுற எடத்தை மூணு தடவை படிச்சேன். எங்க வீட்டுல சத்தம் போட்டும் வாசிச்சுக் காட்டினேன். தங்கச்சி பேசற பேச்சுக்கு என் சம்சாரம் விழுந்து விழுந்து சிரிச்சா."

ஷர்பாணிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் விமர்சனத்தில் எழுதியது?

"ரெண்டு வருஷம் முன்னாடி, 'ஹால்தார் திட்டிட்டார், ஓடிப்போய் வாங்குங்க'ன்னு ஒருத்தங்க நான் இல்லாத இன்னொரு குழுவுல போட வேண்டியதைப் பெரிய குழுவுலயே போட்டுட்டாங்க. அடுத்த நிமிஷம் அழிச்சுட்டாங்க. ஆனா நான் பாத்துட்டேன். போட்டது நீங்கதான்."

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அழித்ததோடு ஒழிந்தது என்று நினைத்திருந்தாளே.

கோபம்தான் முதலில் வந்ததாம் அவருக்கு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாராம். அதுவரை அவர் மனதாரப் புகழ்ந்த புதுப் பையன்கள், பெண்கள் எத்தனை பேருடைய முதல் புத்தகம் அவராலேயே செத்துப் போயிருக்கிறது. அன்றிலிருந்து பிடித்ததை எல்லாம் திட்ட ஆரம்பித்தார். பிடிக்காத பெரிய மனிதர்களை வாயாரப் புகழ்ந்தார். அவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

"முன்னாடி நிஜமாவே பிடிக்காம திட்டினேன், வாங்கி ஆகா ஓகோன்னீங்க. இப்ப பிடிச்சதைத் திட்டறேன், அதுக்கும் ஆகா ஓகோங்கறீங்க. நம்ம ஆளுங்களுக்கு என்னதான் பிடிக்கும்னு எனக்கு இன்னும் தெரியல," என்றார்.

ஷர்பாணி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் நீரும் வந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அம்மாவின் மீனை மூன்று தடவை படித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கலாமா என்று அவள் வாயெடுப்பதற்குள் அவர் குல்லாவைச் சரி செய்துகொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"ஒண்ணு மட்டும் எழுதல. அது நிஜம், அதனால எழுதல. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கடைசி அத்தியாயத்துல அக்காவைக் கொன்னுட்டீங்க. கதைக்குச் சாவு தேவைப்படல. உங்களுக்கு முடிக்கத் தெரியல, கொன்னுட்டீங்க."

சுருக்கென்றது. குவளையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். என்ன திமிர் இந்த மனுஷருக்கு என்று ஹவுரா வரைக்கும் பொருமிக்கொண்டு வந்தாள். சந்தைக்குக் கூட வந்து, பஸ் நெரிசலில் ஒட்டி நின்ற தீபாஞ்சன் என்ன ஆயிற்று என்று கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோக்கல் ரயில் லிலுவாவைத் தாண்டியபோது அவளுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. தாரக்பாபு நாவலின் கையெழுத்துப் பிரதி கேட்டுத் தினமும் போன் செய்துகொண்டிருந்த வாரம். எழுதி எழுதிக் கை ஓய்ந்து, அக்காவுக்கு ஒரு காய்ச்சலை வரவழைத்து ஒரே மூச்சில் முடித்தாள். அந்த அக்கா சாகிற ஜாதியே இல்லை. கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்குகிறவள், ஒரு காய்ச்சலுக்கா போவாள்?

உத்தர்பாரா வருவதற்குள் போனை எடுத்துவிட்டாள். எதிர்முனையில் சந்தை இரைச்சலுக்கு நடுவே தாரக்பாபு, மறுபதிப்பு நாளைக்கு அச்சுக்குப் போகிறது, கவலையே வேண்டாம் என்றார்.

"நிறுத்துங்க தாரக்பாபு. ஒரு வாரம் கொடுங்க," என்றாள் ஷர்பாணி. "அக்கா சாகல."