இடது மூலையில் பசுபதி

பசுபதி எங்கள் பேஸ்பால் அணியில் ஆடியது ஒரே ஒரு சீசன். ஆபீஸ் புராஜெக்டுக்காக சான் ஹோசேயிலிருந்து வந்தவர், செப்டம்பரில் திரும்பிவிடுவார். "அதுவரைக்கும் ஆட விடுங்க, போதும்" என்று கேட்டார். மைதானத்தின் இடது மூலையில் நிறுத்தினோம். உயரே வரும் பந்துகளைப் பிடிக்க வேண்டிய இடம். கப்பல் விட்டுவிட்டுப் போன ஆளைப் போல அங்கே தனியாக நிற்பார்.

நான் கேப்டன். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குவதும் நான்தான். எப்படி எறிவது என்பதை மற்ற அணிகளில் விரலால் ரகசியமாகக் காட்டுவார்கள். பந்து எறியும் எங்கள் வாஞ்சிநாதனுக்கு அவ்வளவு தூரத்தில் விரல் தெரியாது. அதனால் தமிழிலேயே கத்துவேன். "மெதுவா!" "வெளியே தள்ளி!" எங்கள் ஊர் பிஸ்கட்டவேயில் எவனுக்குப் புரியப்போகிறது?

பக்கத்து ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அணியிடம் மட்டும் அது பலிக்கவில்லை. இரண்டு முறை தோற்றோம். மெதுவா என்று நான் கத்தினால் அவர்களுடைய ரோஹன் காத்திருந்து அடித்தான். பசுபதி தங்கியிருந்ததும் அந்த ஊரில்தான். மைதானத்துக்கு வருவதும் ரோஹனின் காரில்.

"கார்ல என்ன டியூஷனா எடுக்குறாரு?" என்றான் எங்கள் அணியின் கோபாலசாமி.

"ரோஹனே தமிழ்ப் பையன்தானேப்பா?" என்று இழுத்தான் வாஞ்சிநாதன்.

"இங்க பொறந்ததுடா. ஒரு வார்த்தை தமிழ் பேசிக் கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை.

அரையிறுதியில் மறுபடியும் அதே அணி. பசுபதியிடம், "இன்னைக்கு உட்காருங்க" என்றேன்.

"ஏன் கதிர்?"

"சும்மா, ரொட்டேஷன்."

தோற்றால் அவருடைய சீசன் பெஞ்சிலேயே முடியும். தெரிந்தேதான் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் வார்த்தைகளையும் மாற்றினோம்: "நிதானமா", "ஓரமா". ரோஹன் அதையும் அடித்தான்.

"நமக்குள்ளயே இன்னொருத்தன் இருக்கான்" என்று கோபாலசாமி முணுமுணுத்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது மடக்கு நாற்காலியிலிருந்து ரோஹனின் அம்மா கத்தினார்: "டேய், தண்ணியக் குடி! வெயில் மண்டையப் பொளக்குது!"

"ஐ ஜஸ்ட் டிட், மா!"

என் மகள் யாமினியும் வீட்டில் இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். ஒரு கேள்வியும் அவளுக்குப் புரியாமல் போனதில்லை.

கடைசிச் சுற்று. ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரு ஆள் அவுட்டாக வேண்டும். அடிக்க வந்தது ரோஹன். பசுபதியைக் கூப்பிட்டேன்.

"ரொட்டேஷன் முடிஞ்சிடுச்சா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் இடது மூலைக்கு ஓடினார்.

வாஞ்சிநாதனிடம் நடந்து போய்க் காதில் சொன்னேன். ரோஹன் மட்டையை வீசியதில் பந்து நேராக மேலே ஏறி, இடது பக்கம் மிதந்தது. அது இறங்கும்வரை எனக்கு ஒரே நினைப்பு: பழிவாங்க வேண்டுமென்றே விட்டுவிடுவாரோ?

பிடித்தார்.

எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் நடந்து வந்து பந்தை என் கையில் வைத்தார்.

"விட்டுடுவேன்னு நினைச்சீங்க, இல்ல?"

"சேச்சே" என்றேன், கொஞ்சம் தாமதமாக.

"ஃபைனலுக்கு வேற ஆளைப் பாருங்க, கதிர்."

ஜெர்சியைக் கழற்றி, உதறி, ஒழுங்காக மடிக்க ஆரம்பித்தார்.