அரை மில்லிமீட்டர்

ஸ்கேன் மேஜையிலிருந்து எழுந்ததும் தென்னரசு சுவரைப் பிடித்துக்கொண்டார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் பதினாறு வருஷக் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் டிக்கெட் கிழித்த மனுஷன். இப்போது நின்ற தரையிலேயே தடுமாறினார். டெக்னீஷியன் ஜெசிந்தா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"விசில் ஊதனா பஸ்ஸே ஒரு பக்கமா சாயுது மேடம். குடிச்சிக்கினு வர்றேன்னு ஓனரு எறக்கி வுட்டுட்டாரு. ஒரு சொட்டு தொட்டதில்ல நானு."

பிறகு குரலைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பினால் அது திரும்புகிற சத்தம்கூட இடது காதுக்குள் கேட்கிறது என்றார். சொல்லிவிட்டு, அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. இப்படி ஒரு நோயைப் பற்றி அவள் படித்திருந்தாள். உள்காதை மூடும் எலும்பில் ஓட்டை இருந்தால் வெளிச் சத்தம் தலையைச் சுற்ற வைக்கும், உடம்புக்குள் எழும் சத்தமும் காதில் கேட்கும். வானூர்ப் பக்கம் சித்தாள் வேலை பார்த்து அம்மா படிக்க வைத்த பெண் அவள். படம் எடுப்பதுதான் உன் வேலை, பார்ப்பது டாக்டர் வேலை என்று இந்த ஆறு வருஷத்தில் பலரும் சொல்லியாயிற்று. எடுத்த படத்தைப் பார்க்காமல் அவளால் இருக்க முடிந்ததில்லை.

அவர் ஏற்கெனவே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் குறை ஒன்றும் இல்லை. அது காதுக்குள் இருக்கிற நீரையும் நரம்பையும் காட்டும். முட்டை ஓட்டைவிட மெல்லிய எலும்பை அதில் தேட முடியாது. அதனால்தான் விழுப்புரத்துக் காது டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்லியிருந்தார். இந்த ஸ்கேன் சென்டரின் ரேடியாலஜிஸ்ட் கிருஷ்ணசாமி, வழக்கம்போல ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பிரித்த படங்களைப் பார்த்தார். இடது காதில், உடம்பின் சமநிலையைக் காக்கும் மேல் அரைவட்டக் குழாயின் மீது எலும்பு இல்லாததுபோலத் தெரிகிறது, மெல்லியதாக இருந்தாலும் இப்படித் தெரியலாம், உறுதியில்லை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தச் சொல்லை நம்பி எந்த டாக்டரும் மண்டையைத் திறக்க மாட்டார். எந்த ஓனரும் வேலையைத் திருப்பித் தர மாட்டார்.

மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. மெஷினில் மூல டேட்டா இருந்தது. அடுத்த ஆட்கள் வர வர அழிந்துபோகும். ஜெசிந்தா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்தாள். அதையே அரை மில்லிமீட்டர் படங்களாகப் பிரித்தாள். திரையில் தலையின் படத்தை நேர்க்குறுக்காக வெட்டினால் அந்தக் குழாய் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். அது எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வில் வெட்டினாள். வலது காதில் மெட்டி மாதிரி ஒரு வளையம் வந்தது, மேலே வெள்ளைக் கோடு அறுபடாமல். இடது காதிலும் வளையம் வந்தது. உச்சியில் கோடு இல்லை. தான் வெட்டியது தப்போ என்று சாய்வை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

திரும்பி வந்த கிருஷ்ணசாமியிடம் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யாருமா சொல்லிக் குடுத்தது?"

"நானா படிச்சது சார். நல்ல காத மொதல்ல பாத்தேன். அப்பதான் இந்தக் காதுல இல்லாதது தெரிஞ்சுது."

அவர் 'உறுதியில்லை'யை அழித்தார். விழுப்புரத்துக்குப் போன் போட்டு, எலும்பில் ஓட்டை இருக்கிறது, சந்தேகமில்லை என்றார். "எங்க ஜெசிந்தா கண்டுபுடிச்சது டாக்டர்," என்றும் சொன்னார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு தடவை துடைத்தாள். அம்மா இந்த அறையில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆபரேஷன் செய்யலாமா என்பதைச் சென்னையில்தான் சொல்வார்கள் என்று தென்னரசுவிடம் விளக்கினாள். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்லண்ணா. படத்துலயே இருக்கு."

பிலிமைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. எதிரே கண்டக்டர்களும் டிரைவர்களும் கும்பலாக நின்றிருந்தார்கள். நடுவில் தென்னரசு, ஒரு கையால் பஸ் ஏணியைப் பிடித்தபடி, மறு கையில் பிலிமை மேற்கு வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். வயசான டிரைவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். தென்னரசு பிலிமை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.