கலங்காத தண்ணீர்

விடிந்ததிலிருந்து பன்னிரண்டு பெண்களும் காயல் கரையில் குந்தியிருந்தார்கள். இறால் போடும் ஓலைப் பறிகள் காய்ந்துபோய் மடியில் கிடந்தன. தண்ணீர் வற்றத் தொடங்கி நேரமாகிவிட்டது. மற்ற நாளென்றால் இந்நேரம் கழுத்து வரை அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

போன முறை தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள், ‘பெண்கள் இறங்கிக் கலக்கிவிட்டார்கள், இது செல்லாது’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் இன்று அவர்கள் மறுபடி வந்து எடுத்துப் போகும் வரை யாரும் காலைக்கூட நனைப்பதில்லை என்று இருந்தார்கள்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரில்ல காக்க வைக்கிறாங்க!” என்றாள் நெட்டையின் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே விரலிடுக்கைச் சொறிந்துகொண்டார்கள்.

கம்பெனிக்காரன் காயலுக்குள் கழிவுக் குழாய் விட்டதிலிருந்து வந்த புண் அது. உயரத்தால் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவளுக்கு மூன்று நகங்கள் கழன்றுவிட்டன. சேற்றுக்குள் அகப்படுவது இறாலா, கிளிஞ்சலா என்று சொல்ல வேண்டியது விரல் நுனிதான். நகம் போன விரலுக்கு எதைத் தொட்டாலும் ஒரே எரிச்சல்.

பத்து மணிக்கு மேல் ஜீப் வந்தது. கையில் பெட்டியோடு இறங்கியவள் சின்னப் பெண்.

“மன்னிச்சுக்கங்கக்கா, வண்டி கிடைக்கல.”

இடம் காட்ட நெட்டையும் படகில் ஏறினாள். அவள் கொழுந்தன் மூங்கில் கம்பை ஊன்றித் தள்ளினான். கடல் உள்ளே வரும் முகத்துவாரத்தில் ஒரு புட்டி, படகுத்துறை அருகே ஒன்று, நடுக்காயலில் ஒன்று. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் மூடி, சீல் வைத்து, நேரம் எழுதி ஒட்டினாள். வேலையில் சுத்தம் இருந்தது.

“அவ்வளவுதான், திரும்பலாம்.”

“குழாய் அந்தப் பக்கம் இருக்கும்மா.”

“லிஸ்ட்ல மூணு இடம்தான்கா. மேலேருந்து குடுத்தது.”

“மேலேருந்து பாத்தா குழாய் தெரியாதா?”

அந்தப் பெண் குழாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். “சரி, போங்க. பாத்துட்டு வந்துருவோம்” என்றாள்.

குழாய் வாயில் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் நுரைத்தது. கிட்டே போனதும் அனலோடு நெடியும் அடித்தது. அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நெட்டை தன் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்து, குனிந்து, குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து நீட்டினாள்.

“இது செல்லாதுக்கா. நாங்க குடுக்கற புட்டிதான் எடுத்துக்குவாங்க.”

“அப்ப உங்க புட்டியில ஒண்ணு.”

“மூணுதான் குடுத்து விட்டாங்க.”

“ஒண்ணக் கொட்டிட்டு இதப் புடிங்க.”

கொழுந்தன் கம்பை ஊன்றியபடி அப்படியே நின்றான். அந்தப் பெண் பெட்டியைத் திறந்தாள். ஒரு புட்டியை வெளியே எடுத்தாள். சீலின் மேல் கட்டைவிரல் ஏறியது. நெட்டை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வேலை போயிரும்கா,” என்றாள் அவள், மெதுவாக. “சேந்து எட்டு மாசம்தான் ஆகுது.” புட்டி பெட்டிக்குள் திரும்பிப் போனது.

அவள் பொய் சொல்லவில்லை என்று நெட்டைக்குத் தெரிந்தது. திட்ட வாய் வரவில்லை.

“எங்களுக்கும் இதாம்மா வேலை,” என்று மட்டும் சொன்னாள்.

படகு திரும்பியபோது குழாய்த் தண்ணீர் அந்தப் பெண்ணின் காலில் தெறித்தது. கரையேறியதும் ஜீப்பிலிருந்து தண்ணீர் கேனையும் சோப்பையும் எடுத்து, முட்டி வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு கேனைச் சாய்த்துப் பிடித்தாள்.

“கைய நீட்டுங்கக்கா, ஊத்தறேன்.”

நெட்டை காயலைப் பார்த்தாள். நாத்தனாரும் மற்றவர்களும் புடவையைத் தூக்கிச் செருகி இறங்கிவிட்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

“இருக்கட்டும்மா. நேரமாச்சு.”

சேற்றைத் தடவ இரண்டு கையும் வேண்டும். இறங்கும்போதே பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

“ரிசல்ட் வந்ததும் சொல்லி அனுப்பறேன்கா!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ரிப்போர்ட்ல ஏதாச்சும் எழுதணும்னா சொல்லுங்க, எழுதிக்கறேன்!”

நெட்டை திரும்பிப் பார்த்தாள். வாயில் பறிக் கயிறு; திறந்தால் நழுவிவிடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கழுத்து வரை தண்ணீருக்குள் அமர்ந்தாள்.