அன்புக்கரசி தொலைந்துபோன பாகங்கள்

“எம் பொண்ண மூணு தபா தொலச்சவன் ஒன் புள்ள. நாலாவது தபாவும் அவன் கையிலயே குடுக்கச் சொல்றியா?” என்று பீம்ராவ் கத்தியபோது, தண்டையார்பேட்டை கிடங்குச் சந்தில் தண்ணீர் லாரி வந்து நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. முத்தம்மா விடுகிற ஆளா? கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். “தொலச்சது எம் புள்ளயா, ஜப்பான்காரனா? எம் புள்ள டிரெய்லர் ஓட்டறான். இத்தினி வருசத்துல ஒரு கண்டெய்னரத் தொலச்சான்னு கேள்விப்பட்டியா நீ?”

பீம்ராவ் சொன்னதில் பொய் கிடையாது. அவருடைய ஒரே மகள் அன்புக்கரசி 1997-இல் பனிமலையிலும், 1999-இல் கலங்கரை விளக்கத்தின் தீயிலும், இந்தச் சண்டை நடந்த 2001-இல் கடலிலும் தொலைந்துபோயிருந்தாள். மூன்று முறையும் பக்கத்தில் நின்றிருந்தவன் முத்தம்மாவின் மகன் வல்லரசு. அதே வருடங்களில் அவள் தினமும் பாரிமுனைக்குப் பஸ் பிடித்து, ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள் என்பதும் உண்மைதான். இரண்டில் ஏதாவது ஒன்றுதான் நடந்திருக்க முடியும் என்று சந்தில் யாரும் அடம்பிடிக்கவில்லை.

தொலைந்த இடம் தமீமின் வீடியோ கேம் கடை. பழைய மிளகாய்க் கிடங்கின் முன்பாதியில் நான்கு டிவிகளை வைத்து அவன் நடத்திவந்த கடை அது. உள்ளே போனவர்கள் தும்மிக்கொண்டேதான் விளையாட வேண்டும். கடற்கரை ஸ்டேஷன் பக்கத்து பிளாட்பாரத்தில் வாங்கிவந்த சிடிகளில் ஒன்றின் அட்டையில் ஒரு படகு இருந்தது, மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து. அதனால் அதற்குப் படகு கேம் என்று பெயராயிற்று. முதல் பாகத்தில் பனி மூடிய ஒரு தேசம். அங்கே கோவேறு கழுதை வண்டி ஓட்டுகிறவனுக்கு வல்லரசின் வெட்டுப்பட்ட புருவம். அவனோடு போகிற பெண்ணுக்கு அன்புக்கரசியின் மூக்கும் முன்பல் இடைவெளியும். இரண்டாம் பாகம் வந்தபோது பனியும் இல்லை, பழைய ராஜாவும் இல்லை, வானத்தில் மூன்று நிலாக்கள். முதல் கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் முகங்கள் அதே முகங்கள், படகு அதே படகு, சத்திரத்தில் ஒலிக்கிற பாட்டும் அதே பாட்டு. இந்த வரிசைக்கு அதுதான் வழக்கம், உலகம் மாறும் ஆட்கள் திரும்ப வருவார்கள் என்று தமீம் விளக்கினான். முத்தம்மா மூன்று பாகத்திலும் கத்தி, கேடயம் விற்றாள், மூன்றிலும் பேரம் படியவில்லை. பீம்ராவ் மூன்றிலும் கோட்டை வாசல் காவலாளி. இத்தனை யுகங்களில் அவருக்கு ஒரு பதவி உயர்வு இல்லை என்று சந்தே சிரித்தது. ஜப்பான்காரனுக்கு நம் மூஞ்சி எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டதற்கு, ஹார்பருக்கு வருகிற கப்பலிலிருந்து எவனாவது பார்த்து வரைந்திருப்பான் என்று பதில் வந்தது. அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது.

தீராதது வேறு. முதல் பாகம் கடையில் முடிந்த மறுநாள் அன்புக்கரசியின் இடது சுண்டுவிரல் பனிக்கட்டியாகச் சில்லிட்டது, பிறகு சூடேறவே இல்லை. தலைவலிக்காரர்கள் வந்து அந்த விரலை நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு கரண்ட் போனால் அவள் காதுமடல் வெளிச்சம் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் மெழுகுவத்தி வாங்குவதை நிறுத்திவிட்டு, “அன்பு, இப்டி வந்து குந்தும்மா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அமாவாசைதோறும் அவள் கூந்தலிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது, அதற்கு ஒரு பக்கெட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு இதெல்லாம் சௌகரியம். பெற்றவருக்கு அப்படி இருக்குமா? ‘துண்டு துண்டா எடுத்துக்கினு போறானுங்க’ என்று பீம்ராவ் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கூட வேலை செய்கிறவர்களிடம் புலம்பினார். விரல் போயிற்று, காது போயிற்று, முடி போயிற்று. மிச்சத்தை எப்போது கேட்பார்கள் என்பதே அவர் கவலை. மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது அந்த ஒரு பெண்தான்.

இத்தனைக்கும் அவர் ஜாதகக்காரனைச் சந்து முனையிலேயே திருப்பி அனுப்புகிறவர். வைசாக பௌர்ணமி புத்தர் விழாக் கூட்டத்தில் மேடையேறி, நாளும் கிடையாது நட்சத்திரமும் கிடையாது என்று தொண்டை கட்டப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர் மகளுக்கும் வல்லரசுக்கும் கல்யாணப் பேச்சு எடுத்ததும் நேராகப் போய் நின்றது தமீம் கடை டிவியின் முன்னால். தமீமுக்கு வாய் சும்மா இருக்குமா? “இன்னா மாமு, ராசி பாக்காத வூட்ல பாகம் பாக்கறீங்கோ?” என்றான். “அது புளுகு, தமீமு. இது நான் கண்ணால பாத்தது” என்றார் பீம்ராவ். அவர் பார்த்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பாகத்திலும் அந்த இரண்டு பேரும் கைகோத்த அடுத்த காட்சியில் பெண் மங்கி மறைவாள், அவன் மண்டியிட்டு அழுவான், திரை கறுத்துவிடும், கறுப்பில் ஒரே ஒரு வரி ஜப்பான் எழுத்து வந்து நிற்கும். அந்த வரிக்கு ‘போயிட்டா’ என்று அர்த்தம் என சந்து முடிவு செய்திருந்தது. பெண்கள் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். பீடா கடை வேலப்பன் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் படத்துக்குக் கீழே அந்த வரியை அப்படியே வரைந்து அச்சடித்தார்கள். மிகவும் பொருத்தமாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பீம்ராவே பார்க்கிறார் என்றதும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பாகப் பொருத்தம் என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, மாப்பிள்ளை இரண்டாம் பாகத்தில் குகைப் பூதமாக இருந்தார் என்பதால் தட்டிப்போனது. அவர் மின்வாரியத்தில் நிரந்தர வேலையில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வல்லரசு இதற்கெல்லாம் கோபப்படவில்லை. அன்புக்கரசிக்கு அவனைப் பிடித்துப்போனதே அவன் நிதானத்தால்தான். ஹார்பர் கேட்டுக்குப் போகிற டிரெய்லர் வரிசையில் அவன் வண்டி நிற்கும். காலையில் அவள் பஸ்ஸில் போகும்போதும் அங்கேயே, சாயங்காலம் திரும்பும்போதும் அங்கேயே. மற்ற டிரைவர்கள் ஹாரனடித்துச் செத்தால், இவன் ஸ்டியரிங் மேல் காலைப் போட்டுக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சு தின்பான். அடுத்த பாகத்தில் அவள் தப்பிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் கல்யாணம் என்று பீம்ராவ் சொன்னதற்கும், சரி மாமா என்றுதான் சொன்னான். அன்புக்கரசிக்கு அப்போது இருபத்தேழு வயது. அவளை யாரும் கேட்கவில்லை. அவள் வக்கீல் ஆபீஸை விட்டு மணலியில் ஜப்பான்காரர்கள் கூட்டுச் சேர்ந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் அந்தப் பாஷை வகுப்புக்கும் போனாள்.

2002-இல் நான்காம் பாகம் வந்தது. பீம்ராவ் முந்திக்கொண்டு தமீம் கடையில் ஒரு மிஷினை அந்தச் சிடியோடு தன் பேருக்கு வளைத்துப்போட்டார். வேறு எவனும் அதைத் தொடக்கூடாது. டியூட்டி முடிந்து, கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து விளையாடுவார். விளையாடுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் ஊரைவிட்டு அவர் நகரவே இல்லை. அன்புக்கரசியின் முகம்கொண்ட பெண்ணைக் கிணற்றைச் சுற்றி நடக்கவைத்தார், சத்திரத்தில் தூங்கவைத்தார், மறுபடி கிணற்றைச் சுற்றவைத்தார். முன்னே போனால்தானே தொலைவாள்? ஒரு வருடத்துக்கு மேல் கிணற்றடியிலேயே கழிந்தது. மிளகாய் நெடியில் கண் சிவந்து அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், சிரிக்கவும் முடியாது. கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் திரை கறுத்துவிட்டதே என்று அவர் எழுந்து நின்றுவிடுவார். வெளியே மகள் காதில் வெளிச்சம் ஏந்தி யாருக்கோ முறுக்குச் சுட உதவிக்கொண்டிருப்பாள்.

2003 தீபாவளிக்கு ஸ்பெஷல் ரயில்கள் விட்டார்கள், பீம்ராவுக்கு யார்டைவிட்டு வர முடியவில்லை. அந்த வாரத்தில் கடையிலிருந்த லாரி கிளீனர்கள் அவருடைய மிஷினில் கிணற்றைத் தாண்டிவிட்டார்கள். செய்தி கேட்டு அவர் ஓடிவந்தபோது திரை கறுத்து, அந்த வரி வந்து நின்றுவிட்டது. கூட்டம் கூடியது. அந்த நேரம் பார்த்து அன்புக்கரசி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்துக்குள் நடந்துவந்தாள். சாயங்கால வெயில் எல்லோர் நிழலையும் நீளமாகப் போட்டிருந்தது, அவளுடையதை மட்டும் காணோம். இந்தத் தடவை எடுத்துக்கொண்டது அதைத்தான். அவளும் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு டிபன் பையைத் தோளில் மாட்டியபடி கூட்டத்தை விலக்கி டிவிக்கு எதிரே வந்து, உதடு அசையப் படித்தாள். இதற்கு முன் அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை.

“நைனா,” என்றாள், “‘நாலாவது சிடியப் போடவும்’னு எழுதிக் கீது.”

சந்துக்கு இது ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் எல்லோரும் தமீமைப் பார்த்தார்கள். ஒரு பாகத்துக்கு நாலு சிடி, ஆனால் பிளாட்பாரக் கடைக்காரனின் பிளாஸ்டிக் உறையில் மூன்று பைதான் இருக்கும், நாலாவது சிடி ஒவ்வொரு தடவையும் தனியாகக் கிடக்கும், அதைக் காலி சிடி என்று நினைத்து முத்தம்மாவிடம் கொடுத்துவிட்டதாக அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். முத்தம்மா அவற்றைக் காக்காய் விரட்டக் காசிமேட்டு மணலில் கருவாட்டுக்கு மேல் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நான்கு பாகங்களின் முடிவுகளும் அங்கே வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. அவிழ்த்துக் கொண்டுவந்து பார்த்தால் வெள்ளி உரிந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஆள் தெரிந்தது. ஆனாலும் போட்டார்கள். மிஷின் கரகரவென்று சுற்றியது, திரை மூலையில் லோடிங் ஆகும்போது வருகிற குட்டிப் படகு ஒன்று வட்டமடித்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கடை முழுக்கக் கருவாட்டு வாசனை மட்டும் வந்தது. வேலப்பனின் வீட்டுக்காரி போஸ்டரை நினைத்துக்கொண்டு, அப்படியானால் அவருக்கும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று சமாதானமாகிப் போனாள்.

பீம்ராவ் சமாதானமாகவில்லை. அடுத்த சிடியில் அவள் திரும்பி வருகிறாளா, ஒரேயடியாகப் போகிறாளா? இத்தனை வருடம் முடிவு தெரியும் என்று பயந்தவர், இப்போது தெரியாது என்று பயந்தார். முத்தம்மாதான் ஒருநாள் வந்து அவர் எதிரே குந்தினாள். “இன்னா ஆவும்னு பாத்துக்கினா நான் கண்ணாலம் கட்டிக்கினேன்? நீ பாத்துக்கினா கட்டிக்கின?” என்றாள். மறுமாதம் அவர் போய் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.

கல்யாணம் 2004 ஆகஸ்டில், வியாசர்பாடியில் ஒரு மண்டபத்தில், புத்தர் சிலைக்கு முன்னால் நடந்தது. உறுதிமொழி சொன்னார்கள். அவன் மாலை போட்டான். அவள் மாலையைத் தூக்கினாள், தூக்கியபடியே மங்கினாள். முதலில் முகம், பிறகு பட்டுப்புடவை, கடைசியாக மாலை. பீம்ராவ் மேடையிலேயே சரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து மருமகனைத்தான் பார்த்தார். நான்கு பாகத்திலும் இந்த இடத்தில் அவன் மண்டியிட்டு அழுவான். வல்லரசு அழவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவள் நின்றிருந்த இடத்துக்கு நேர் எதிரே போட்டு, கழுத்தில் ஒற்றை மாலையோடு உட்கார்ந்தான்.

“லோடிங் ஆவுது மாமா. குந்து. வந்துரும்.”

மண்டபத்தில் பாதிப்பேர் ஹார்பரில் வேலை செய்கிறவர்கள். லோடிங் என்றால் நேரமாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பந்தி போட்டார்கள். இரண்டாம் பந்தியில் வடை தீர்ந்துபோய் முத்தம்மாவின் சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கினார்கள். பீம்ராவ் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லரசு அசையவில்லை. மண்டபக்காரர் விளக்கை அணைக்கலாமா என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு, மாலை வந்தது, அதன் பின்னால் புடவை, அதன் பின்னால் அன்புக்கரசி. புடவைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது, முகம் சற்றுக் கறுத்திருந்தது. வல்லரசு எழுந்து குனிய, அவள் மாலையைப் போட்டாள். அங்கே என்ன ஆயிற்று என்று சந்துப் பெண்கள் சுற்றிவளைத்துக் கேட்டதற்கு, அங்கேயும் ஹார்பர் கேட்டு மாதிரி வரிசைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சுண்டுவிரல் சூடாக இருந்தது. அமாவாசைக்குக் கூந்தல் சொட்டவில்லை. நிழல் மட்டும் ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. கரண்ட் போனால் மறுபடி மெழுகுவத்தி வாங்க வேண்டியிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டவர்களும் சந்தில் உண்டு.

புதுத் தம்பதி மீஞ்சூருக்குக் குடிபோனார்கள். எப்போதாவது ஒரு மத்தியானம் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். யாராவது தேடி வந்தால் வல்லரசு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுவான். தமீம் ராயபுரத்து அஜீசாவை நிக்காஹ் செய்துகொண்டு, டிவிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, புழலில் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டான். மின்வாரிய மாப்பிள்ளைக்குப் புளியந்தோப்பில் பெண் கிடைத்தது, இரட்டைக் குழந்தைகள். முத்தம்மா மகனோடு போகமாட்டேன் என்று காசிமேட்டிலேயே இருந்துகொண்டாள். 2006-இல் அன்புக்கரசிக்கு மாயா பிறந்தாள். தொட்டிலை எட்டிப்பார்த்தவர்களுக்கு யார் ஜாடை என்று சொல்லத் தெரியவில்லை. பீம்ராவ் ஒரு மிஷினைத் தேடிப்பிடித்து எல்லாப் பாகங்களையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார், சத்திரம், சந்தை, கோட்டை ஒன்றையும் விடவில்லை. பேத்தியின் முகம் எதிலும் இல்லை. மறுவருடம் ரிட்டயர் ஆனதும், கிடங்குச் சந்து வீட்டை விற்றுவிட்டு, அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள மீஞ்சூருக்கே போய்விட்டார்.