முப்பத்தொன்றுக்குக் காப்பு

தாவீதுராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். டீ போட்டுக் குடித்தான். மனைவி ஜாய்ஸ் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழிக்கு முந்தின விலக்கில் இறங்கி, குரங்குப் பண்ணைக்கு நடந்தான். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்தான். முகமூடி கட்டினான்.

மருத்துவ ஆராய்ச்சிக்காக அங்கே நாற்பது குரங்குகளை வளர்த்தார்கள். அவற்றின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது அவன் வேலை. முந்தின நாள் முடிவு வந்திருந்தது. முப்பத்தொன்றாம் நம்பர் குரங்குக்கு வைரஸ். குரங்கை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. கடிபட்ட மனிதன் பிழைப்பது அரிது. ஆகவே ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டும்.

கூண்டைப் பார்த்தான். ஒரு கழுத்திலும் தகர நம்பர் இல்லை. நாற்பதிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

"காப்புக் கட்டியிருக்கேன் சார்," என்றாள் தீனி போடும் தங்கத்தாய். "ஆத்தா கோயில்ல பொங்கல் திருவிழா சாட்டியாச்சு. காப்புக் கட்டுனவுக எட்டு நாளைக்கு ஊரத் தாண்டக் கூடாது. உசுரும் போகக் கூடாது."

"கையிலதானே கட்டுவாக?"

"கையில கட்டுனா கடிச்சுப் போடுதுக."

"நம்பரு எங்க?"

"ஆத்தா கயித்துல தகரம் படலாமா? உங்க வேதத்துல படலாம்போல."

ஜீப்பில் அதிகாரி தனுஷ்கோடி வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"வைரஸுக்கும் காப்புக் கட்டியாச்சா?"

மறுபடி சோதிக்க ஒரு மாதமாகும். அதற்குள் மற்றவற்றுக்கும் தொற்றிவிடும். அவர் பதிவேட்டைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல, "முப்பத்தொண்ணு!" என்றார். நாற்பதும் திரும்பிப் பார்த்தன.

"சாயங்காலத்துக்குள்ள எதுன்னு தெரியணும். இல்லைன்னா நாப்பதுக்கும் ஊசி."

தங்கத்தாய்க்குத் தெரியும். ஒவ்வொன்றையும் முகம் பார்த்துத் தீனி போடுகிறவள். அவள் டப்பாவில் கிடந்த தகரங்களில் ஒன்றைப் பொறுக்கித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"நாந்தேன் முப்பத்தொண்ணு. போடுங்க."

தனுஷ்கோடி பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். "வயசு ஏழு, எடை ஆறு கிலோன்னு இருக்கு. ஒத்து வரலையே."

தாவீதுராஜ் நாற்பது ஊசிகளை வரிசையாக வைத்து மருந்து ஏற்றத் தொடங்கினான். ஒன்பதாவது ஊசியில் தங்கத்தாய் எழுந்து கூண்டுக்குள் போனாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒன்றின் கழுத்துக் காப்பை அவிழ்த்தாள். மற்ற ஊசிகளை அவன் கீழே வைத்தான்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அன்றைக்கு ஒற்றை ஊசியோடு உள்ளே போனவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"கடலை தின்னுக்கிட்டிருக்கா சார். வாயில இருக்கிறத முழுங்கட்டும்."