மூச்சு விடுகிறவர்களுக்கு ஆகாது

சென்னையில் ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனி வேண்டாமென்று தள்ளிவிட்ட ‘டிஜிட்டல் பேக்’ என்ற கேமரா முதுகுப் பெட்டியை வாங்கி வந்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயுள்ள தன் போட்டோ ஸ்டூடியோவில் ‘இனி ஃபிலிமே கிடையாது’ என்று பேனர் கட்டிய செல்லதுரைக்கு, அது எப்படிப் படம் எடுக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அதற்குத்தான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்த விக்கிரமங்கலத்து வெற்றிச்செல்வியை வேலைக்கு வைத்திருந்தார்.

பெரிய கேமராவின் முதுகிலிருக்கும் ஃபிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். இதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். வயரைப் பிடுங்கினால் வெறும் டப்பா. ஒரு படத்துக்கு மூன்று முறை ஃபிளாஷ் வெட்டும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாக்கும். நடுவில் இம்மி அசைந்தாலும் நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. நகையையும் சோப்பையும் படம் பிடிக்கச் செய்த சாமான். கூட வந்த புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டு அவள் அன்றைக்கே சொன்னாள்.

“சார், இது அசையாத பொருளுக்குத்தான். மனுசங்களுக்கு ஆவாது.”

“இருவது வருசமா மனுசங்களத்தான் எடுக்கறேன். நேத்துப் படிச்சிட்டு வந்து எனக்குப் பாடமா? நான் சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க.”

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்தப் படிப்பு இவருக்குச் சுவிட்ச் போட மட்டும் வேண்டியிருந்தது.

புதன்கிழமை, கல்லங்குறிச்சி பஞ்சநாதன் தன் மகள் சிவரஞ்சனியைக் கூட்டி வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பெரம்பலூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ போயாக வேண்டும்.

செல்லதுரை வழக்கம்போல் பெண்ணின் தாடையைத் தூக்கினார், தோளைத் திருப்பினார். “மூச்சு விடாதம்மா!”

மூன்று முறை வெட்டியது. திரையில் வந்த சிவரஞ்சனிக்கு இமை பச்சை, உதட்டோரம் நீலம், தோட்டைச் சுற்றிச் சிவப்பு.

“என்ன தம்பி, ஐயனாரு கோயில் குதிரை மாதிரில்ல இருக்கு!” என்றார் பஞ்சநாதன்.

ஏழு தடவை எடுத்தார். ஏழும் அதே லட்சணம். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம் மூஞ்சிலதான் ஏதோ கோளாறுப்பா.”

செல்லதுரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வி பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். “நீ எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு சொல்லு. இல்லன்னா நாளையிலேருந்து வராத.”

வெற்றிச்செல்வி எழுந்தாள்.

“ஐயா, உங்க பொண்ணுக்கு ஒரு கோளாறும் இல்ல. இந்த மிஷினு மூச்சு விடறவங்களுக்கு ஆவாது. வந்த அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன். பொணத்த எடுத்தா நல்லா வரும்.”

டிஜிட்டல் பேக்கை வயரோடு கழற்றி மேஜையில் வைத்தாள். குப்பை என்று செல்லதுரை பீரோ மேல் எறிந்திருந்த ஃபிலிம் பெட்டியை எடுத்து, ரோல் போட்டு, அதே கேமராவில் மாட்டினாள்.

“நல்லா மூச்சு விடு, சிவரஞ்சனி.”

ஒரே வெட்டு. பெண் சிரித்துவிட்டாள். அதையும் எடுத்தாள். ரோலைச் சுற்றி எடுத்து, பஞ்சநாதன் கையில் கொடுத்தாள். “இன்னிக்கே திருச்சி லேப்ல குடுத்துருங்க. நாளைக்கு பிரிண்ட் போட்டுத் தந்துருவாங்க.”

பையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து செல்லதுரையின் குரல் வந்தது.

“ஏம்மா, இந்தக் கம்ப்யூட்டர எப்புடி ஆஃப் பண்றது?”

“அசையாம உக்காந்திருங்க சார். கரண்டு போறப்ப தானா அணையும்.”