அப்பாவிடம் கேட்ட கேள்விகள்

மார்லிஸ் அப்பாவின் தாடையில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது அவள் அக்கா, காரின், வீட்டுக்குள் வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. பனி சொட்டச் சொட்டப் படுக்கையறை வாசல்வரை வந்து நின்று, போனில் இருந்தவரிடம், "ஆண். எண்பத்திரண்டு வயசு. காலைல உயிர் போயிருக்கு," என்றாள்.

மார்லிஸ் ரேசரை எடுத்தாள். "அவருக்கு ஒரு பேரு இருக்கு. அதைச் சொல்லு."

அக்கா முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

அக்கா ஊருக்கு வந்து மூன்று நாளாகியிருந்தது. தங்கியது மோட்டலில். இந்த வீட்டில் ஒரு படுக்கை காலியாகத்தான் இருந்தது. வந்து தங்கு என்று மார்லிஸும் சொல்லவில்லை.

மறதி நோயை ஆராயும் ஐந்து பல்கலைக்கழகங்களையும் அவற்றின் மருத்துவமனைகளையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போவது காரினின் வேலை. ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்தவர்களை ஒரே விதமாகச் செய்யவைத்தவள் என்று அவளுக்கு நல்ல பெயர். அப்பா வெய்னோ, சுரங்கத்து லாரிகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டியவர். நினைவு தடுமாறத் தொடங்கியபோது தானாகவே அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார். செத்த பிறகு மூளையையும் எடுத்துக்கொள்ளட்டும், எது ஒடிந்தது என்று யாராவது திறந்து பார்க்க வேண்டாமா என்றார். ஆனாலும் மார்லிஸ் சரி என்றால்தான் உடலை எடுத்துப்போக வண்டி வரும். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள். அப்பா முடிவெடுக்கும் உரிமையையும் அவளிடம்தான் கொடுத்திருந்தார்.

விடியற்காலையில் தெற்கே போகும் சாலையைப் பனிக்காக மூடிவிட்டார்கள். வழக்கமாக மூளையை எடுத்துக்கொள்ளும் இடத்துக்குப் போக வழியில்லை. மேற்கே, பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகத்தைச் சம்மதிக்கவைக்கக் காரின் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன வருடத்து நினைவுப் பரிசோதனை எங்கே என்று கேட்டார்கள். அது இல்லை. மார்லிஸ் அவரை அழைத்துப் போகவே இல்லை.

போனை வைத்ததும் காரின் சமையலறைக்கு வந்தாள். மார்லிஸ் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம் விட்டுட்ட. அதனால இப்ப அவங்க யோசிக்கிறாங்க. ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருந்தா என்ன கொறஞ்சிருக்கும் ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது," என்றாள் மார்லிஸ். "அதுக்கு முந்தின வருஷம் கூட்டிட்டுப் போனேன். கடிகாரம் வரையச் சொன்னாங்க. வரல. அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு மத்தியானம் வரைக்கும் கேட்டாங்க. வெளிய வந்து கார்ல உக்காந்து, தன் தலையிலயே குத்திக்கிட்டாரு. வீடு வர்ற வரைக்கும் அழுதாரு. முன்னெல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். அதை நீட்டினது யாரு?"

காரின் போனைப் பைக்குள் போட்டாள்.

"அஞ்சு யூனிவர்சிட்டிய மேய்க்கத் தெரியுது. இந்த வீட்டுக்கு வர ஒரு ஞாயித்துக்கிழமை கெடைக்கல. அவரைத் தர மாட்டேன். போன் பண்ணிச் சொல்லிடு."

காரின் நாற்காலியை இழுத்தாள், உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் நீட்டினேன். அஞ்சு எடத்துல அஞ்சு விதமா கேட்டா ஒண்ணோட ஒண்ணு சேராது. எல்லாரும் ஒரே கேள்விய கேக்கணும்னா எல்லாரோட கேள்வியும் உள்ள வரணும். நாலு வருஷம் சண்டை போட்டு வாங்கினது அது." குரல் உயரவில்லை. "அவரைப் புதைச்சிட்டீன்னா அவர் அங்க உக்காந்து அழுததுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அத நெனச்சுக்கோ. என்னைத் திட்டணும்னா சாயங்காலம் திட்டு. சாயங்காலத்துக்கு மேல போனா மூளை கெட்டுடும், அவங்களுக்கும் பிரயோஜனம் இல்ல."

மார்லிஸ் கிண்ணத்தைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அக்கா தரையில் விட்ட ஈரம் அடுப்பு வரைக்கும் வந்திருந்தது. அப்பா இருந்திருந்தால் அந்த பூட்ஸுக்காகவே அவளை வெளியே அனுப்பியிருப்பார்.

"அவரு கேட்டாரு," என்றாள் கடைசியில். "அதுக்காகத்தான். ஒனக்காக இல்ல."

"எனக்காக வேண்டாம்."

"வரச் சொல்லு."

காரின் மறுபடி போன் செய்தாள். எதிர்ப்பக்கம் நிறையக் கேட்டார்கள். இல்லாததை இல்லை என்றே சொன்னாள். நீண்ட நேரம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். இறந்தவரின் பெயரைக் கேட்டபோது முதலெழுத்தோடு நின்றுவிட்டாள். பிறகு முழுவதும் சொன்னாள். யார் நீங்கள், உறவா என்று கேட்டிருக்க வேண்டும். "மகள்," என்றாள்.

மார்லிஸ் மாப்பை எடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கினாள். அக்கா நின்ற இடத்தை மட்டும் விட்டுச் சுற்றித் துடைத்தாள்.

வண்டியில் வந்தவர்கள் இரண்டு பேர். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் பட்டையை இழுத்துக் கட்டினார்கள். வாசலைத் திறந்ததும் காற்று உள்ளே அடித்தது. மார்லிஸ் ஆணியில் தொங்கிய கம்பளித் தொப்பியை எடுத்து அப்பாவின் தலையில் மாட்டினாள்.

"அங்க போனதும் கழட்டிடுவாங்கம்மா," என்றார் அவர்களில் மூத்தவர்.

"தெரியும்," என்றாள் காரின். குனிந்து, இடது காது மூடுமாறு தொப்பியைக் கீழே இழுத்துவிட்டாள். மார்லிஸ் கதவைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.